படகோனியாவில் பன்னிரண்டு நாட்கள்: நடைக்கும் ஒளிப்படத்துக்கும் காற்று இடம் கொடுக்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நானும் என் அண்ணனும் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள படகோனியாவுக்குச் செல்கிறோம். விமானப் பயண நாட்களைக் கழித்துவிட்டால் மலைப்பகுதியில் செலவிட எங்களுக்கு முழுதாகப் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. எனக்கு வேண்டியது ஒளிப்படம். அண்ணனுக்கு வேண்டியது நடை. அவர் கேமராவைத் தொடுவதே இல்லை. ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்தால்தான் அந்த நாள் அவருக்கு நிறைவாக முடியும். நானோ ஒரு பாறை முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவள்.

முதலில் நாங்கள் போட்ட திட்டம் இது. சிலி நாட்டின் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் 'ஓ' எனப்படும் முழுச் சுற்றை எட்டு நாட்களில் நடந்து முடிப்பது. பிறகு எல்லையைக் கடந்து அர்ஜென்டினாவின் எல் சால்தேன் ஊருக்குச் சென்று, எஞ்சிய மூன்று நாட்களில் ஃபிட்ஸ் ராய், செர்ரோ டோர்ரே ஆகிய இரு சிகரங்களையும் படமெடுப்பது. ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குப் போய்விடும். ஆனால் அங்கு சென்று வந்தவர்களிடம் பேசப் பேச, எல்லோருமே மலையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காற்றைப் பற்றித்தான் சொல்கிறார்கள். ஒருவர் கணவாயின் உச்சியில் தவழ்ந்து சென்றதாகச் சொன்னார். இன்னொருவர் ஐந்து நாட்கள் காத்திருந்தும் செர்ரோ டோர்ரேயின் உச்சியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லையாம்.

என் பையில் இப்போது இரண்டு கேமராக்கள், மூன்று லென்ஸ்கள், இரண்டரைக் கிலோ எடையுள்ள முக்காலி ஆகியவை இருக்கின்றன. கூடாரமும் உணவும் சேராமலே ஒன்பது கிலோ ஆகிறது. இந்த எடையோடு 'ஓ' சுற்றை நடப்பது அறிவுடைமையா? அத்தனை காற்றில் முக்காலியால் பயன் உண்டா? விருப்பங்கள் வேறுபட்ட இருவர் ஒரே பாதையில் எப்படி நாட்களைப் பகிர்ந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1

வணக்கம். நான் அங்கு இருமுறை சென்றிருக்கிறேன், ஒருமுறை டிசம்பரில், ஒருமுறை ஏப்ரலில். நீங்கள் மாதத்தை மிகச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் திட்டத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் ஏப்ரல் நல்லது என்பதற்குக் காரணம், டோரஸ் டெல் பைனேயின் பாறைக் கோபுரங்களும் சரி, ஃபிட்ஸ் ராயும் சரி, நடைபாதைகளுக்குக் கிழக்கு முகத்தைத்தான் காட்டுகின்றன. அவற்றின் மிகச் சிறந்த வெளிச்சம் சூரியன் எழும் அந்தச் சில நிமிடங்களில் வருகிறது. சாம்பல் நிறமான கருங்கல் முதலில் உச்சியில் மட்டும் செம்மை பூசி, அந்தச் செம்மை மெல்லக் கீழிறங்கி, பொன்னிறமாகி, பிறகு சாதாரண வெளிச்சமாகிவிடும். டிசம்பர் மாதத்தில் எல் சால்தேனில் சூரியன் ஏறத்தாழ காலை 5.40 மணிக்கு எழுகிறது. ஃபிட்ஸ் ராயின் அடிவாரத்திலுள்ள லகூனா தே லோஸ் த்ரேஸ் ஏரி ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் நானூறு மீட்டர் ஏற வேண்டும். ஆகவே டிசம்பரில் நான் நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் எழுவது 8.20 மணியளவில். நான்கு மணிக்கு எழுந்து நடந்தாலே போதும். அதோடு மார்ச் இறுதியிலிருந்து லெங்கா, நிர்ரே மரங்களின் இலைகள் சிவக்கத் தொடங்கி, ஏப்ரலில் மலைச்சரிவு முழுவதும் செம்பட்டு விரித்தாற்போல் ஆகிவிடும். பனிச்சிகரம், சாம்பல் பாறை, சிவந்த காடு ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில் வருவது அந்தச் சில வாரங்களில் மட்டுமே.

காற்றும் கோடையைவிட இலையுதிர் காலத்தில் சற்றுத் தணிந்திருக்கும். கோடையில்தான் காற்று குறையும் என்று எண்ணிச் செல்பவர்கள் அங்கு ஏமாறுகிறார்கள். பள்ளிப் புவியியலில் 'கர்ஜிக்கும் நாற்பதுகள்', 'சீறும் ஐம்பதுகள்' என்று படித்திருப்போம். தென் அரைக்கோளத்தில் நாற்பது முதல் அறுபது பாகை வரையுள்ள அகலாங்குகளில் நிலம் மிகக் குறைவு. மேலைக்காற்று பசிபிக் பெருங்கடலின் மேல் தடையேதும் இல்லாமல் ஓடிவந்து, முதன்முதலாக மோதும் பெருஞ்சுவர் ஆண்டிஸ் மலைத்தொடர்தான். ஈரத்தை மேற்குச் சரிவில் மழையாகவும் பனியாகவும் கொட்டிவிட்டு, மலை இடுக்குகளின் வழியே பிதுங்கிக் கிழக்கே பாய்கிறது. 350 கிலோமீட்டர் நீளமுள்ள தென் படகோனியப் பனிப்பரப்பு உருவானதும், அதிலிருந்து ஒரு நாள் பேருந்துத் தொலைவிலேயே வறண்ட புல்வெளி தொடங்குவதும் இதனால்தான். நடக்கும்போது மரங்களைப் பாருங்கள். திறந்த மேட்டில் நிற்கும் மரம் ஒவ்வொன்றும் கிழக்கு நோக்கிக் கிளை சாய்த்து வளர்ந்திருக்கும். அந்த மரங்களே நல்ல படப்பொருள்கள்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். டோரஸ் டெல் பைனேயில் அனுமதிக்கப்பட்ட முகாம்களில் மட்டுமே இரவு தங்க முடியும், ஒவ்வோர் இரவுக்கும் முன்பதிவு கட்டாயம். எந்தத் தேதியில் எந்த முகாம் என்பது பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. 'ஓ' சுற்றை ஒரே திசையில்தான், கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் நடக்க முடியும். ஆகவே மேகம் மூடிய நாளில் நீங்கள் ஓரிடத்தில் காத்திருக்க நினைத்தாலும் முடியாது. அடுத்த முகாமுக்குப் போயே ஆக வேண்டும். நடப்பவருக்கு இது குறையே இல்லை. படமெடுப்பவருக்கு இது பெரிய இழப்பு. நான் டிசம்பரில் அப்படித்தான் மூன்று நாட்களை இழந்தேன். கோபுரங்கள் மேகத்துக்குள் இருந்த காலையில் அவற்றின் அடியில் நின்றேன். அவை தெளிவாகத் தெரிந்த காலையில் நான் மலைத்தொடரின் மறுபக்கத்தில் இருந்தேன். மேலும் அந்தச் சுற்றின் பின்பகுதி பருவ முடிவில் மற்றப் பாதைகளைவிட முன்னதாக மூடப்படும். ஏப்ரலில் திறந்திருக்குமா என்பதை உறுதிசெய்யாமல் எதற்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.

எல் சால்தேன் இதற்கு நேர்மாறான ஊர். 1985ஆம் ஆண்டில்தான் அது உருவானது. முக்கியமான பாதைகள் எல்லாம் ஊரின் எல்லையிலிருந்தே தொடங்குகின்றன. அறையில் தங்கிக்கொண்டு, இரவில் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, மறுநாள் எந்தப் பாதை என்று முடிவெடுக்கலாம். ஆகவே எட்டும் மூன்றும் என்று பிரித்ததை மாற்றி, டோரஸ் டெல் பைனேயில் 'டபிள்யூ' எனப்படும் குறுகிய பாதைக்கு நான்கு நாட்கள், பேருந்துக்கு ஒரு நாள், எல் சால்தேனுக்கு ஏழு நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழில் மூன்று நாட்கள் மழையிலும் காற்றிலும் போய்விடும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். மீதமுள்ள நான்கில் ஒரு நல்ல காலை கிடைத்தால்கூட, வாழ்நாளெல்லாம் சுவரில் மாட்டிவைக்கும் ஒரு படம் உங்களுக்குக் கிடைக்கும்.


மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்ன நாட்கணக்கை முழுமனதோடு வழிமொழிகிறேன். நான் கேமராவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முக்காலியைக் கொண்டுபோங்கள், ஆனால் பயன்படுத்தும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். முக்காலியின் நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் அது உறுதியாக நிற்கும் என்று நாம் எல்லோரும் கற்றிருக்கிறோம். டோரஸ் டெல் பைனேயில் பெஹோயே ஏரிக்கு அருகில், சால்ட்டோ கிராண்டே அருவியைத் தாண்டிக் குவெர்னோஸ் சிகரங்களைப் பார்க்கும் முனைக்குச் செல்லும் பாதையில் நான் அதை நம்பினேன். அது ஏறத்தாழச் சமதரையான, எளிய பாதை. ஆனால் அந்தப் பூங்காவிலேயே காற்று மிகக் கடுமையாக வீசும் இடங்களில் ஒன்று. தொங்கிய பை ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது. நான்காவது ஆட்டத்தில் ஒரு கால் தரையைவிட்டு எழும்பியது. நான் கை நீட்டுவதற்குள் கேமரா முகம் குப்புறச் சரளைக் கற்களின் மேல் விழுந்தது. லென்ஸின் முன் பொருத்தியிருந்த சதுரக் கண்ணாடி ஃபில்ட்டர் மூன்று துண்டாயிற்று. லென்ஸ் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

இப்போது நான் செய்வது இது. நடுத்தண்டை முழுவதும் இறக்கி, கால்களை அகல விரித்து, முக்காலியை முழங்கால் உயரத்துக்கு மேல் எழவிடாமல் வைக்கிறேன். பையைத் தொங்கவிடாமல் தரையில் வைத்து, குட்டையான பட்டையால் நடுத்தண்டோடு இழுத்துக் கட்டுகிறேன். ஒரு காலைக் காற்று போகும் திசையில், அதாவது பெரும்பாலும் கிழக்கே, நீட்டிவைக்கிறேன். கேமராவின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுகிறேன். அது படபடப்பதே படத்தைக் கலங்கவைக்கப் போதும். லென்ஸின் நிழல்மறைப்பும் காற்றில் பாய்மரம்போல வேலை செய்வதால் அதையும் எடுத்துவிடுகிறேன். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உறுதியாக நின்ற முக்காலி, எண்பது கிலோமீட்டர் வேக வீச்சு ஒன்று வந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சாயும். எந்த நேரத்திலும் அதை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் கையையும் எடுக்காதீர்கள்.

ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, விடியற்காலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறனைக் குறைத்து வைத்துக் கால் நொடி திறந்துவைக்கும் பழக்கத்தை அங்கே மறந்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ.வை 1600 வரை தயங்காமல் உயர்த்தி, நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி அல்லது அதைவிட வேகமாக எடுங்கள். ஒரே காட்சியை ஆறேழு முறை தொடர்ச்சியாக எடுங்கள். காற்றுக்கு ஒரு மூச்சு உண்டு. இரண்டு வீச்சுகளுக்கு நடுவே சிறிய அமைதி வரும், அந்த அமைதியில் எடுத்த படம் கூர்மையாக இருக்கும். முன்னால் இருக்கும் புல்லும் கிளையும் ஆடுவதைத் தடுக்க முடியாது. அதைத் தடுக்க முயலாமல் ஆட்டத்தைத் தெளிவாகக் காட்டுவதே நல்லது என்பது என் எண்ணம். அந்த மலைகளின் படத்தில் புல் அசையாமல் நின்றால் அங்கு போய்வந்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

ஏரிக்கரையில் இன்னொரு தொல்லை உண்டு. நோர்டன்ஷால்ட் ஏரியின் வடகரை ஓரமாக 'டபிள்யூ' பாதை செல்கிறது. காற்று அந்த ஏரியின் மேற்பரப்பைப் பெயர்த்தெடுத்து, வெண்ணிறத் தூண்போலச் சுழற்றிக்கொண்டு கரைக்கு வரும். முதலில் ஒரு சீற்றம் கேட்கும், பிறகு தூரத்தில் தண்ணீர் வெளுக்கும், அடுத்த சில நொடிகளில் முகத்தில் சாரல் அறையும். தூரத்தில் வெளுப்பைக் கண்டதுமே கேமராவை மேலங்கிக்குள் மறைத்துவிடுங்கள். அந்த நீரில் பனியாறுகள் அரைத்த மிக நுண்ணிய கல்மாவு கலந்திருக்கிறது. ஏரிகளுக்கு அந்தப் பால்கலந்த நீலநிறம் வருவதும் அதனால்தான். லென்ஸின் மேல் துளி காய்ந்தால் வெண்தூள் படியும். காய்ந்ததைத் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். ஈரமாக இருக்கும்போதே ஒற்றியெடுங்கள்; காய்ந்துவிட்டால் முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு ஈரத் துணியால் ஒற்றுங்கள். ஐந்தாறு துணிகளைத் தனித்தனியே உறையிலிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எடை பற்றிக் கேட்டீர்கள். நடையில் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ்கள் போதும். அதிகமாகப் பயன்படப்போவது அகலக்கோண லென்ஸ் அன்று, எழுபது முதல் இருநூறு மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ்தான். குவெர்னோஸ் சிகரங்களில் வெளிர்நிறக் கருங்கல்லின் மேல் கரும்படிவப் பாறை தொப்பிபோல் அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறை பழைய படிவுகளுக்குள் புகுந்து உறைந்ததன் தடம் அது. அந்த இரு நிறங்களும் சேரும் கோடு, அதன் மேல் ஓடும் மேகக் கிழிசல், அதனூடே ஒரு கற்றை வெளிச்சம், இவையெல்லாம் நீண்ட லென்ஸில்தான் பிடிபடும். இரண்டாவது கேமராவை ஊரில் விட்டுச்செல்லுங்கள். லென்ஸ் மாற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மடியில் மேலங்கியால் மூடிக்கொண்டு மாற்றுங்கள். பேட்டரிகளை உடலோடு ஒட்டிய சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலிருந்து சூடான விடுதிக்குள் நுழையும் முன் கேமராவை இறுக மூடும் பையில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே நீர் பூக்காது.

இத்தனைக்குப் பிறகும் காற்று உங்களுக்குக் கொடுக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையைத் தாண்டும் ஈரக்காற்று அலைபோல் எழுந்து தாழ்கிறது. எழும் இடத்தில் குளிர்ந்து மேகமாகிறது, தாழும் இடத்தில் மீண்டும் கரைந்துபோகிறது. அதனால் தட்டுகளை அடுக்கிவைத்தாற்போன்ற வழுவழுப்பான மேகங்கள் சிகரத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும். காற்று அதனுள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்க, மேகம் மட்டும் இடம் மாறாது. மாலையில் சூரியன் மறைந்த பிறகும் சிறிது நேரம் அதன் அடிப்பகுதி சிவந்திருக்கும். எல்லோரும் விடியலுக்குத்தான் எழுகிறார்கள். நீங்கள் மாலையிலும் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நில்லுங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. முன்பதிவு செய்த முகாம்களின் வரிசைக்குள் நான் காத்திருக்கவே முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் படித்தவுடன் திட்டத்தை மாற்றிவிட்டேன். நான்கு நாட்கள் 'டபிள்யூ', ஏழு நாட்கள் எல் சால்தேன். அண்ணன் 'ஓ' சுற்றை இழப்பதில் வருத்தப்பட்டார், ஆனால் ஒப்புக்கொண்டார். அந்த வருத்தத்தை எப்படி ஈடுசெய்வது என்றுதான் இப்போது யோசிக்கிறேன். நான் ஒரே ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்ன செய்வார்? அத்தனை காற்றில் இருவரும் பிரிந்து நடப்பது சரியா? செர்ரோ டோர்ரேக்கு எத்தனை நாட்கள் ஒதுக்குவது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 3

நான் படமெடுப்பவன் அல்லன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, படமெடுக்கும் மனைவியோடு மலைகளில் நடந்துவருபவன். ஆகவே உங்கள் அண்ணனின் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்களுக்கிடையே நிலைத்துவிட்ட ஏற்பாடு ஒன்று உண்டு. சூரியன் எழும் நேரமும் மறையும் நேரமும் அவருடையவை. இடைப்பட்ட பகல் முழுவதும் என்னுடையது. எல் சால்தேனில் இது மிக நன்றாகப் பொருந்தியது. விடியலில் இருவரும் சேர்ந்தே லகூனா தே லோஸ் த்ரேஸ் ஏரிக்கு ஏறினோம். வெளிச்சம் முடிந்து இறங்கிய பிறகு அவர் காப்ரி ஏரிக்கரையில் மரங்களுக்கிடையே இருந்துகொண்டார். நான் பீட்ராஸ் பிளாங்காஸ் பனியாற்றைப் பார்க்கும் முனைவரை சென்று திரும்பினேன். மற்றொரு நாள் அவர் ஊரிலேயே இருந்து படங்களைப் பிரித்துக்கொண்டிருக்க, நான் லோமா தெல் ப்ளியேகே தும்பாடோ மேட்டுக்கு ஏறினேன். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே ஃபிட்ஸ் ராயும் செர்ரோ டோர்ரேயும் ஒன்றாகத் தெரியும். உங்கள் அண்ணனுக்கு 'ஓ' சுற்றின் ஏக்கத்தை அந்த ஒரு நாள் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஆனால் மேலே மறைவிடமே இல்லை என்பதால் காற்று தணிந்த நாளில் மட்டும் அனுப்புங்கள்.

பிரிந்து நடப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி கடுமையானது. காட்டுக்குள், தெளிவான பாதையில், திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிரிவோம். மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே ஏறிய பிறகு பிரிவதில்லை. லகூனா தே லோஸ் த்ரேஸ் பாதையின் கடைசி ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் நான் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் காரணம் புரியும். எங்களுக்கு முன்னால் நல்ல உடல்வலு உள்ள ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி அடுத்த படிக்கல்லில் வைக்கும் அந்த நொடியில் பக்கவாட்டிலிருந்து வீச்சு வந்தது. அவர் வைக்க நினைத்த கல்லுக்கு அரை மீட்டர் தள்ளிக் கால் விழுந்து, முழங்கால் கல்லில் இடித்தது. பெரிய காயம் இல்லை. துணைக்கு ஆள் இல்லாதிருந்தால் இருட்டுவதற்குள் அவர் ஊர் சேர்ந்திருக்க முடியாது.

வீச்சு வருவதற்கு முன் காடோ பாறையோ இரைவது கேட்கும். கேட்டவுடன் நின்றுவிடுங்கள். கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, இரண்டு நடைக்கோல்களையும் ஊன்றிக்கொள்ளுங்கள்; வலுவாக இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதுகுப்பையின் வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். பைக்குப் போடும் மழையுறை அங்கே நிற்காது. எங்களுடையது முதல் நாளே பறந்துபோய், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏரியின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளியாகிவிட்டது. அதற்குப் பதிலாகப் பையின் உட்புறத்தில் கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்துக் கட்டிவிடுங்கள்.

உங்களுக்கு, அதாவது உட்கார்ந்து காத்திருப்பவருக்கு, ஒரு தனி எச்சரிக்கை. ஐந்து பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அறுபது கிலோமீட்டர் காற்று வீசினால், உடல் உணர்வது கிட்டத்தட்ட சுழியத்துக்குக் கீழ் இரண்டு பாகை. நடந்து வந்த வியர்வை உள்சட்டையில் இருந்தால் இன்னும் மோசம். ஏரிக்கரையை அடைந்ததும், கேமராவை எடுப்பதற்கு முன், உள்சட்டையை மாற்றிவிட்டுத் தடித்த இறகு மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். கை விறைத்துப்போனால் கேமராவின் பொத்தான்களும் இயங்காது, இறங்கும்போது கோலையும் பிடிக்க முடியாது.

முன்னறிவிப்பில் மழையைப் பார்ப்பதைவிட, உச்சியின் உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் வீச்சு வேகத்தையும் பாருங்கள். எந்த அளவைத் தாண்டினால் திரும்பிவிடுவது என்பதை முந்தைய இரவே, சூடான அறையில் உட்கார்ந்து இருவரும் முடிவு செய்துவிடுங்கள். ஏரிக்குக் கால் மணி நேரத் தொலைவில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். டோரஸ் டெல் பைனேயில் பாதைகள் மூடும் நேரத்துக்கும் இருளில் நடப்பதற்கும் விதிகள் உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டறியுங்கள். பெஹோயே ஏரியைக் கடக்கும் படகும் பலத்த காற்றில் நின்றுவிடும். ஆகவே திரும்பும் நாளில் வேறு பயணச்சீட்டை இறுக்கமாகக் கோத்துவைக்காதீர்கள். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் அதன் மூக்கைக் காற்றை நோக்கி நிறுத்தி, கதவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு திறங்கள். பின்னாலிருந்து வீசும் காற்றில் கதவு கீலோடு மடங்கிவிடுவது அங்கே வழக்கமான விபத்து.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பரில் டோரஸ் டெல் பைனேயில் பற்றிய தீ காற்றின் வேகத்தில் பரவி, பதினேழாயிரம் ஹெக்டேருக்கும் மேல் எரித்துவிட்டது. பெஹோயே, கிரே ஏரிகளுக்கு இடையே நடக்கும்போது வெள்ளிநிறத்தில் பட்டுப்போன மரங்கள் வரிசையாக நிற்பதை நீங்களே காண்பீர்கள். நெருப்பு மூட்டுவதற்குப் பூங்கா முழுவதும் தடை. சமையல் அடுப்பை அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே பற்றவைக்கலாம். ஒரு கோப்பை வெந்நீருக்காகக்கூட இந்த விதியை மீறாதீர்கள் என்று அண்ணனிடமும் சொல்லிவையுங்கள்.


மறுமொழி 4 (முதலில் மறுமொழி எழுதியவர்)

செர்ரோ டோர்ரே பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏழு நாட்களில் இரண்டு நாட்களை அதற்கென்று குறித்துவையுங்கள், ஆனால் எந்த இரண்டு என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். ஊரிலிருந்து லகூனா டோர்ரே ஏரி ஒன்பது கிலோமீட்டர், ஏற்றம் குறைவு. 3,128 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் ஃபிட்ஸ் ராயைவிட ஏறத்தாழ முந்நூறு மீட்டர் தாழ்வானது. ஆனால் பனிப்பரப்பின் விளிம்பை ஒட்டி மேற்கே நிற்பதால் மேகம் முதலில் சூழ்வதும் கடைசியில் விலகுவதும் அதைத்தான். உச்சியில் காளான்போல் கவிந்திருக்கும் வெண்பனியும் காற்றின் வேலையே. உறைநிலைக்குக் கீழும் நீராகவே இருக்கும் நுண்துளிகள் பாறையில் மோதியவுடன் உறைந்து, காற்று வரும் திசையை நோக்கியே அடுக்கடுக்காக வளர்கின்றன. 1974இல் இத்தாலியக் குழு ஒன்று மேற்குப் பக்கமாக அந்தப் பனியைக் கடந்து உச்சியை அடைந்ததைத்தான் ஐயத்துக்கு இடமற்ற முதல் ஏற்றமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஏப்ரலில் நான் அந்த ஏரிக்கரையில் இருந்தபோது, நான்கரை மணி நேரத்தில் அந்தக் காளான் மொத்தம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தெரிந்தது. இரண்டாம் முறை கேமரா முக்காலியில் இருந்தது, குவியம் முன்பே அமைத்து நிலைநிறுத்தியிருந்தது, அதனால் படம் கிடைத்தது. முதல் முறை நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே மேகத்துக்கு அடியில் தெரியும் பாறையின்மேல் குவியத்தை வைத்து, தானியக்கத்தை நிறுத்திவிட்டு, ஷட்டர் பொத்தானை மட்டும் அழுத்தினால் போதும் என்ற நிலையில் காத்திருங்கள். மேகம் உச்சியிலேயே சிக்கிப் புகைபோல் வழிந்துகொண்டிருந்தால் அதையும் எடுங்கள். ஃபிட்ஸ் ராய்க்கு அப்பகுதியின் பழங்குடிகளான தெவெல்ச்சே மக்கள் வைத்த பெயர் சால்தேன், 'புகையும் மலை' என்று பொருள். 1877இல் பிரான்சிஸ்கோ மொரேனோ, பீகிள் கப்பலின் தலைவரான ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் பெயரை அதற்குச் சூட்டினார். என்னைக் கேட்டால் பழைய பெயரே அந்த மலையை உள்ளபடி காட்டுகிறது. மேகமில்லாத ஃபிட்ஸ் ராய் படத்தைவிடப் புகையும் ஃபிட்ஸ் ராய் படமே எனக்கு உயர்வாகப் படுகிறது.

பயண ஒழுங்கில் இன்னும் ஒன்று. டோரஸ் டெல் பைனேயிலும், எல் சால்தேன் மலைகள் அடங்கிய லோஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடத் தடை உண்டு. அந்த எடையைக் குறைத்துக்கொள்ளலாம். சிலிக்குள் பழம், விதை, இறைச்சி, பால்பொருள் ஆகியவற்றைக் கொண்டுவருவதில் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. நீங்கள் சிலியில் தொடங்கி அர்ஜென்டினாவில் முடிப்பதால் நிலவழி எல்லையில் அந்தச் சோதனை உங்களுக்கு வராது. ஆனால் சிலியில் வந்து இறங்கும் விமான நிலையத்தில் நடைக்காக எடுத்துவந்த கொட்டைகளும் உலர்பழங்களும் பையில் இருந்தால், படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிக் காட்டிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகம் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். நடைக்கான உணவைச் சிலியின் புவெர்ட்டோ நத்தாலெஸ் ஊரில் வாங்கிக்கொண்டு, அர்ஜென்டினாவின் எல் கலாஃபாத்தே ஊர் வழியாக எல் சால்தேன் செல்லும் பேருந்துக்கு முந்தைய நாளே இடம் உறுதிசெய்துவிடுங்கள். கலாஃபாத்தேயிலிருந்து அது 215 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் ஊர் வருவதற்கு வெகு முன்பே புல்வெளியின் விளிம்பில் ஃபிட்ஸ் ராய் எழுந்து நிற்பது தெரியும். நீண்ட லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு, முன்பக்கத்து இருக்கையில் உட்காருங்கள்.